சிப்பிக்கு முந்திய கடல்

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டும்போது வெளிவரும் சுண்ணாம்புக் கல்லில் சிப்பியும் பவளத் துண்டும் கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலில் படிந்த கல் அது. புத்தளத்து அருவக்காட்டிலும் அக்காலப் படிவுகள் உண்டு.

மாத்தளையிலும் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறார்கள். அதில் மக்னீசியம் கலந்த வகையான டொலமைட்டைப் பொடியாக்கி, கவ்வாத்து முடிந்த தேயிலை மலைகளில் மண்ணின் புளிப்பைக் குறைக்கத் தூவுகிறார்கள். ஆனால் இந்தக் கல்லை எவ்வளவு உடைத்தாலும் ஒரு சிப்பிகூட அகப்படாது.

இதுவும் கடலில் பிறந்த கல்தான். ஆனால் அந்தக் கடல் மிக மிகப் பழையது. கண்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் கோண்டுவானா என்னும் பெருநிலமாக இணைந்த காலத்தில், ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அதன் படிவுகள் 20 கிலோமீற்றருக்கும் கீழே அமிழ்ந்தன. அங்கே 800 பாகை செல்சியஸை எட்டிய சூட்டில் சுண்ணாம்புத் துகள்கள் உருமாறிப் பெரிய பளிங்கு மணிகளாக வளர்ந்தன. உடைத்த முகத்தில் சீனிபோல் மினுங்குவது அவைதான். புவியியலாளர் இதைச் சலவைக்கல் என்றே வகைப்படுத்துகிறார்கள்.

அந்தச் சூட்டில் எந்தச் சிப்பியும் உருத்தெரியாமல் போயிருக்கும். ஆனால் அழிவதற்கே அங்கு சிப்பி இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஓடுள்ள உயிர்கள் கடலில் பெருகியது சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்குள் மாத்தளைக் கல் வெந்து முடிந்துவிட்டது. அதன் கடலில் நிறைந்திருந்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்.

அவற்றின் தடயம் முற்றாக அழிந்ததா? இலங்கைச் சலவைக்கல் சிலவற்றில் கறுப்புச் செதில்கள் மின்னும். அவை காரீயம், பென்சிலில் எழுதும் அதே கரி. இத்தகைய செதில்களில் பெரும்பகுதி பண்டைய உயிர்ப்பொருளின் எச்சமே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: யாழ்ப்பாணக் கல் ஒன்றையும் மாத்தளைக் கல் ஒன்றையும் வகுப்பறை மேசையில் அருகருகே வையுங்கள். மாணவர்கள் உருப்பெருக்குக் கண்ணாடியால் இரண்டையும் பார்க்கட்டும்.