1990-ல் பிறந்த 2 கப்பல்கள்: ஒன்று காயலான் கடைக்கு, இன்னொன்று சென்னைக்கு! பழைய சொகுசுக் கப்பல்கள் எங்கே போகின்றன?

1990-ம் ஆண்டு. பிரான்ஸின் செயின்ட் நசேர் தளத்திலிருந்து 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் கடலுக்கு வந்தது. அதே ஆண்டில் இத்தாலியின் மான்ஃபால்கோனே தளத்திலிருந்து 'கிரவுன் பிரின்சஸ்' வந்தது. டால்ஃபின் மூக்கு போன்ற அதன் முகப்பை வரைந்தவர், உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ.

கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து இரண்டுமே மும்பைக்கு வந்தன. கிரவுன் பிரின்சஸ், 'கர்ணிகா' என்ற பெயரில் ஜலேஷ் குரூஸஸ் நிறுவனத்துக்காக 2019 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. நார்டிக் எம்ப்ரஸ், 'எம்ப்ரஸ்' என்ற பெயரில் கார்டிலியா நிறுவனத்துக்காக 2021 செப்டம்பரில் வந்தது.

கர்ணிகா இங்கே இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கொரோனா வந்தது, பயணங்கள் நின்றன, நிறுவனம் முடங்கியது, கப்பல் ஏலத்துக்குப் போனது. கடைசியில் குஜராத்தின் அலாங் கடற்கரையில் உடைக்கப்பட்டது. எம்ப்ரஸோ 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்க, சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது.

இரண்டுக்கும் ஒரே வயசு. அப்புறம் எப்படி ஒன்றுக்குச் சாவு, இன்னொன்றுக்கு மறுவாழ்வு? பெரிய நிறுவனங்கள் வருஷத்துக்கு வருஷம் ராட்சதக் கப்பல்களாக இறக்கிக்கொண்டிருக்கும்போது, பழைய, சின்னக் கப்பல்களுக்கு என்ன எதிர்காலம்? இந்தக் கேள்வி நமக்கு ஏன் முக்கியம்? வாங்க, பார்ப்போம்.

பெருசுன்னா எவ்வளவு பெருசு?

சொகுசுக் கப்பலின் அளவை 'கிராஸ் டன்' கணக்கில் சொல்வார்கள். பேரில் டன் இருந்தாலும் இது எடை அல்ல. கப்பலுக்குள் இருக்கும் மொத்த இடத்தின் கொள்ளளவு.

1988-ல் ராயல் கரீபியன் நிறுவனம் 'சவரின் ஆஃப் தி சீஸ்' கப்பலைக் கொண்டுவந்தபோது, அந்தக் காலத்தின் மிகப்பெரிய சொகுசுக் கப்பல் அதுதான். அளவு சுமார் 73,000 கிராஸ் டன். 2024 ஜனவரியில் அதே நிறுவனம் இறக்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 கிராஸ் டன்! நம்ம எம்ப்ரஸ் 48,563. அதாவது, ஐந்து எம்ப்ரஸ் சேர்ந்தால்தான் ஒரு ஐகான். ஓர் அறைக்கு இருவர் என்று கணக்குப் போட்டால் எம்ப்ரஸில் சுமார் 1,600 பேர், ஐகானில் 5,610 பேர் போகலாம்.

30 வருஷத்துக்கு முன்பு 'பிரம்மாண்டம்' என்று விளம்பரம் செய்யப்பட்ட கப்பல், ஒரு இன்ச்கூடக் குறையாமலேயே இன்று 'சின்னக் கப்பல்' ஆகிவிட்டது.

சின்னது ஏன் கட்டுப்படியாகவில்லை?

ஒரு கப்பலுக்கு ஒரு கேப்டன்தான். 1,600 பேர் போனாலும் 5,600 பேர் போனாலும் அதேதான். இன்ஜின் ரூம், பாலம் எனப்படும் இயக்க அறை, பாதுகாப்பு அதிகாரிகள் ஆகிய செலவுகளும் பயணிகள் எண்ணிக்கைக்கு ஏற்ற மாதிரி குறையாது. எரிபொருளும் அப்படித்தான். பெரிய, புதிய கப்பலில் ஒரு தலைக்கு ஆகும் செலவு குறைவு.

அடுத்தது வருமானம். சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் டிக்கெட்டை மட்டும் நம்பி இல்லை. மது, கேசினோ, ஸ்பா, தனிக் கட்டண உணவகம், வைஃபை என்று உள்ளே போன பிறகு நீங்கள் செலவழிக்கும் காசும் பெரிய வருமானம். இதையெல்லாம் வைக்க இடம் வேண்டும். பழைய கப்பலில் அது கிடையாது. பால்கனி உள்ள அறைக்குத்தான் கூடுதல் விலை கிடைக்கும். 1990 வாக்கில் கட்டிய கப்பல்களில் பால்கனி அறைகள் சொற்பம்.

அதற்கு மேல் விதிமுறைகள். 2020 ஜனவரி 1 முதல், கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது சர்வதேச கடல்சார் அமைப்பு. 2023 முதல், கார்பன் வெளியீட்டை வைத்து ஏ முதல் இ வரை பெரிய கப்பல்களுக்கு கிரேடு போடுகிறார்கள். ஒரு வருஷம் 'இ' அல்லது தொடர்ந்து மூன்று வருஷம் 'டி' வாங்கினால், எப்படிச் சரிசெய்யப்போகிறோம் என்று திட்டம் கொடுக்க வேண்டும். பழைய இன்ஜினுக்கு இது தலைவலி.

பழசைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 2005-ல் ராட்டர்டாம் தளத்தில் 'என்சான்ட்மென்ட் ஆஃப் தி சீஸ்' கப்பலை நடுவில் இரண்டாக வெட்டி, 22 மீட்டர் நீளத்துக்குப் புதுத் துண்டைப் பொருத்தி ஒட்டினார்கள். ஆனால், எல்லாக் கப்பலுக்கும் இப்படிச் செலவு செய்தால் கட்டுப்படியாகாது.

கொரோனா தள்ளிய கடைசித் தள்ளு

2020-ல் உலகம் முழுக்கக் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. பயணிகள் இல்லாவிட்டாலும் நிற்கும் கப்பலுக்குச் செலவு உண்டு: ஊழியர்கள், மின்சாரம், பராமரிப்பு. நிறுவனங்கள் முதலில் கழற்றிவிட்டது பழையவற்றைத்தான். கார்னிவல் குழுமம் மட்டும் 18 கப்பல்களைக் கைவிடுவதாக அந்த ஆண்டில் அறிவித்தது.

அதன் 'ஃபேன்டஸி' வகையில் எட்டு சகோதரக் கப்பல்கள் இருந்தன. 1990-களின் கரீபியன் சுற்றுலாவைச் சுமந்தவை இவைதான். அவற்றில் ஃபேன்டஸி, இன்ஸ்பிரேஷன், இமாஜினேஷன் மூன்றும் 2020-லேயே துருக்கியின் அலியாகா உடைப்புத் தளத்துக்குப் போய்விட்டன. அடுத்த இரண்டு வருஷங்களில் இன்னும் மூன்று உடைப்புக்குப் போயின. மிஞ்சியது எலேஷன், பாரடைஸ் இரண்டு மட்டும். ஒருகாலத்தின் ராணி 'சவரின்' கப்பலும் அதே அலியாகாவில்தான் முடிந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த ஸ்பெயினின் புல்மான்டூர் நிறுவனம் அப்போது நிதி நெருக்கடியில் விழுந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கப்பல்களில் பல, பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்தவைதான். கொரோனா வந்த நேரத்தில் யார் கையில் இருந்தன, அந்தக் கையில் காத்திருக்கக் காசு இருந்ததா என்பதே அவற்றின் தலையெழுத்தை முடிவு செய்தது. கர்ணிகா மாட்டியதும் இப்படித்தான். எம்ப்ரஸை ராயல் கரீபியன் விற்றது 2020 டிசம்பரில். வாங்கியவர்களால் அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்க முடிந்தது.

சின்னதுக்கு மட்டும் திறக்கும் கதவுகள்

நம்ம ஊர் மினி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பஸ் திரும்ப முடியாத ஊருக்குள் அதுதான் போகும். பழைய கப்பல்கள் பிழைப்பதும் அப்படித்தான்.

அமெரிக்காவின் டாம்பா துறைமுகத்துக்குப் போகும் வழியில் 'சன்ஷைன் ஸ்கைவே' பாலம் இருக்கிறது. அதன் கீழே கிடைக்கும் உயரம் சுமார் 55 மீட்டர். இன்றைய மெகா கப்பல்கள் உள்ளே நுழைய முடியாது. அதனால்தான், எண்ணெய்ச் செலவு கூடினாலும் அந்தத் துறைமுகத்துக்குப் பழைய, குட்டையான கப்பல்களைத் தொடர்ந்து அனுப்புகிறார்கள்.

வெனிஸ் இன்னொரு உதாரணம். 25,000 கிராஸ் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் மையத்தில் உள்ள ஜுடெக்கா கால்வாய் வழியே போக 2021 ஆகஸ்ட்டில் இத்தாலி தடை போட்டது. 'கூட்டம் தாங்கல' என்று சொல்லும் ஊர்கள் கூடக் கூட, அளவான கப்பலுக்கு மதிப்பு கூடும்.

எம்ப்ரஸ் கதையிலேயே இதற்கு ஒரு அத்தியாயம் உண்டு. 2008-ல் அதைப் புல்மான்டூருக்குக் கொடுத்த ராயல் கரீபியன், 2016-ல் திரும்ப அழைத்துக்கொண்டது. அமெரிக்காவும் கியூபாவும் நெருங்கிவந்த நேரம் அது. ஹவானா துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் போக முடியாது, எம்ப்ரஸ் போகும். 2017 முதல் போனது. 2019 ஜூனில் அமெரிக்க அரசு கியூபாவுக்கான சொகுசுக் கப்பல் பயணங்களைத் தடை செய்ததும் அந்த வேலையும் போச்சு. ஒரு கதவை மட்டும் நம்பியிருக்கும் கப்பலின் கஷ்டம் இது.

கைமாறினால் ஆயுள் நீளும்

நம்ம வீட்டில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி, பெரிய நிறுவனத்தின் பழைய கப்பல் அடுத்த சந்தைக்கு இறங்கும். ராயல் கரீபியனின் 'ஸ்ப்ளெண்டர்', 'லெஜண்ட்' கப்பல்கள் 2016, 2017-ல் பிரிட்டிஷ் பயணிகளுக்காக இயங்கும் நிறுவனத்துக்குப் போய், இன்று 'மரெல்லா டிஸ்கவரி', 'மரெல்லா டிஸ்கவரி 2' ஆக ஓடுகின்றன. காலியான 'லெஜண்ட் ஆஃப் தி சீஸ்' என்ற பெயரை ராயல் கரீபியன், 2026-க்கான தன் ஐகான் வகைக் கப்பலுக்கு வைத்துவிட்டது!

சிலது கரையில் நிற்கும் ஹோட்டலாகும். 1969-ன் புகழ்பெற்ற 'குயின் எலிசபெத் 2', 2018 முதல் துபாயில் ஹோட்டலாக இருக்கிறது. ஆனால், இப்படி ஒரு வாழ்வு கிடைப்பது பெரிய பேர் உள்ள கப்பலுக்குத்தான்.

இந்தியா இந்த வரிசையில் எங்கே? நார்டிக் எம்ப்ரஸ் கட்டப்பட்டதே 3, 4 இரவுக் குறும்பயணங்களுக்காக. இன்று ஃபுளோரிடாவில் அதே 3, 4 இரவுப் பயணத்துக்கு 2024-ல் வந்த 'உட்டோபியா ஆஃப் தி சீஸ்' ஓடுகிறது, சுமார் 2.36 லட்சம் கிராஸ் டன். பிறந்த வேலையைப் பெரியவர் பிடுங்கிக்கொண்டார். அதே வேலை எம்ப்ரஸுக்கு மும்பையிலும் சென்னையிலும் கிடைத்தது. முதன்முறை கப்பல் ஏறுபவர்கள், வீக்எண்டோடு இரண்டு நாள் லீவு மட்டும் போட முடிந்தவர்கள், அளவான துறைமுகங்கள் என எல்லாமே அதன் அளவுக்குப் பொருந்தின. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணம் தொடங்கியதும் இந்தக் கப்பல்தான்.

அடுத்து வரப்போவதும் செகண்ட் ஹேண்ட்தான். நார்வீஜியன் நிறுவனத்தின் 'நார்வீஜியன் ஸ்கை' (1999), 'நார்வீஜியன் சன்' (2001) கப்பல்களை கார்டிலியா குத்தகைக்கு எடுக்கும் ஒப்பந்தம் 2025-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் 80,000 கிராஸ் டன்னுக்குக் கீழே. நார்வீஜியன் தன் வீட்டில் சுமார் இரண்டு மடங்கு பெரிய புதுக் கப்பல்களுக்கு இடம் பண்ணுகிறது. அங்கே மிஞ்சியது இங்கே முன்னேற்றமாகிறது.

பழசுன்னா ஆபத்தா?

அப்படி இல்லை. லாரிக்கு எஃப்.சி. காட்டுவது மாதிரி, கப்பலுக்கும் உண்டு. பயணிகள் கப்பலின் அடிப்பகுதியை ஒவ்வொரு வருஷமும் சோதிக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் இரண்டு முறையாவது தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். 'சோலாஸ்' என்ற சர்வதேசப் பாதுகாப்பு ஒப்பந்தம் காலத்துக்கேற்ப இறுகிக்கொண்டே வரும். சட்டென்று தீப்பிடிக்கும் பொருட்களால் கட்டிய பழைய கப்பல்களுக்கு 2010 அக்டோபர் 1 முதல் சர்வதேசப் பயணத்தில் அது கதவைச் சாத்தியது.

நன்றாகப் பராமரித்த 30 வயசுக் கப்பல், அலட்சியமாக ஓட்டும் 10 வயசுக் கப்பலைவிட மேல். சிக்கல், பராமரிப்புச் செலவு கூடும் வயசும், காசு குறைவான கைக்கு அது மாறும் வயசும் ஒன்றாக வருவதில்தான். சட்டம் இருந்தால் போதாது, துறைமுகத்தில் அதைச் சரிபார்க்கும் கண்ணும் வேண்டும்.

கடைசி பில் யாருக்கு?

பயணம் முடிந்த கப்பல்களில் பல வந்து சேரும் இடமும் நம்ம நாட்டில்தான் இருக்கிறது. அலாங்கில் ஓதம் ஏறும்போது கப்பலைக் கரையேற்றி, தண்ணீர் வடிந்ததும் வெட்டத் தொடங்குவார்கள். பழைய கப்பல்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நோய் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்த ஹாங்காங் ஒப்பந்தம், ஆபத்தான பொருட்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியல் கப்பலில் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர்.

ஆக, நாம் இந்தக் கதையின் இரண்டு முனையிலும் இருக்கிறோம். பழைய கப்பலுக்கு மறுவாழ்வு கொடுப்பதும் நாம்தான், உடைப்பதும் நாம்தான். ஆயுளை நீட்டுவது நல்ல விஷயம். ஆனால், அந்த நீட்டிப்புக்கான பராமரிப்புச் செலவை நிறுவனம் ஏற்கிறதா, இல்லை பயணியும் தொழிலாளியும் ஏற்கிறார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

அடுத்த முறை கப்பல் டிக்கெட் போடும்போது பஃபே மெனுவைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கப்பல் எந்த வருஷம் கட்டியது, முன்பு அதன் பேர் என்ன, கடைசியாக எப்போது உலர்தளத்துக்குப் போனது. முதல் இரண்டும் கூகுளில் இரண்டு நிமிஷத்தில் கிடைக்கும். மூன்றாவதை நிறுவனத்திடமே கேளுங்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதே பாதி பதில்.