வெறும் நீர்க்கட்டிதானா?

மார்பில் கட்டி தட்டுப்பட்டால், “இது வெறும் நீர்க்கட்டி, தானாகக் கரைந்துவிடும்” என்று அயலவர் ஆறுதல் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது உண்மையே. மார்பில் தோன்றும் கட்டிகளுள் அநேகமானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டி என்பது நீர் நிறைந்த சிறு பை. 35 முதல் 50 வயது வரையான பெண்களிடம் இதனை அதிகம் காணலாம். வட்டமாய், வழவழப்பாய், விரலுக்கு அசைந்து கொடுக்கும். மாதவிடாய்க்கு முன் பெருத்து நோவதும் உண்டு.

ஆனால் கதிர் தள்ளும்வரை நெற்பயிரைப் போலவே நிற்கும் களையையும் நாம் அறிவோம். அதுபோல, சிலவகைப் புற்றுநோய்களும் வட்டமாகவும் மென்மையாகவும் அசையக்கூடியவையாகவும் வளர்கின்றன. அரிதாக, நீர்க்கட்டியின் உட்சுவரிலேயே புற்றுநோய் தோன்றுகிறது. நோவில்லை என்பதும் ஆறுதல் அல்ல. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை. எனவே தொட்டுப் பார்த்து மட்டும் எவராலும் உறுதி சொல்ல முடியாது.

அப்படியானால் எவ்வாறு கண்டறிவது? முதலில் வைத்தியர் கையால் பரிசோதிப்பார். அடுத்து ஸ்கான், தேவையானால் மமோகிராம். சுவர் மெல்லியதாய், உள்ளே நீர் மட்டும் இருப்பதாக ஸ்கானில் தெரிந்தால் அது சாதாரண நீர்க்கட்டி. பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

ஐயமிருந்தால் மூன்றாவதாக ஊசியால் நீரை எடுப்பார்கள். எடுத்ததும் கட்டி முற்றாக மறைய வேண்டும். நீரில் இரத்தம் கலந்திருந்தாலோ, கட்டி எஞ்சியிருந்தாலோ, திரும்பத் திரும்ப நிரம்பினாலோ, உள்ளே கெட்டியான பகுதி தெரிந்தாலோ, அதிலிருந்து சிறு துண்டெடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று அஞ்சி இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று பரிசோதனைகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மேலும் ஆராய்வதே முறை.

தாய்மாரே, சகோதரிகளே, 1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் இயங்குகின்றன. அங்கு மார்பகப் பரிசோதனை இலவசம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டறியுங்கள். புதிய கட்டி, தோல் சுருங்குதல், முலைக்காம்பு உள்ளிழுக்கப்படுதல், அதிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் கட்டி ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் விதைப்பு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இன்னுமொன்று. ஸ்கான் முடிவையும் கிளினிக் அட்டையையும் குடும்ப அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். வேறிடம் சென்றாலும், கட்டி வளர்ந்துள்ளதா என்று புதிய வைத்தியர் ஒப்பிட்டுப் பார்க்க அவையே உதவும்.