அடையாற்றங்கரைத் தோட்ட வீடுகள்

இங்கிலாந்துக் கிராமங்களில் 18ஆம் நூற்றாண்டில் பாதிரியார்கள் குடியிருக்கக் கட்டிய வீடுகள் பலவற்றுக்கும் ஒரே சாயல்: நடுவில் வாசல், இருபுறமும் அளந்து வைத்தாற்போல் ஜன்னல்கள், சரிவான கூரை, அதன்மேல் புகைபோக்கி. நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலத்து வழக்கம் என்பதால் இதற்கு ஜார்ஜியன் பாணி என்று பெயர். அதே பாணியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் சென்னைக் கோட்டையை விட்டு வெளியே வந்து தோட்ட வீடுகள் கட்டினார்கள். ஜார்ஜ் மௌப்ரே அடையாற்றின் வடகரையில் எழுப்பிய குவிமாட வீடு இன்று மெட்ராஸ் கிளப். ஜேம்ஸ் பிராடி 1790களின் இறுதியில் கட்டிய பிராடி கோட்டையில் அரசு இசைக் கல்லூரி நடக்கிறது. வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடுகள் என்று இவற்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது முகப்புக்கு மட்டுமே பொருந்தும். அந்த வீடுகளை வெயிலிலும் மழையிலும் நிறுத்திவைத்த அறிவு இந்த மண்ணுடையது.

கூரையிலிருந்தே பார்க்கலாம். இங்கிலாந்தில் பனியும் மழையும் வழிந்தோட வேண்டும், அதனால் சரிவு. இங்கே தட்டையான மொட்டை மாடி, 'மெட்ராஸ் டெரஸ்' என்று கட்டடக்காரர்கள் இன்றும் சொல்வது. தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசையிட்டு, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்காகச் சாய்வாட்டத்தில் சுண்ணாம்புக் காரை வைத்து அடுக்குவார்கள். ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைக் கவ்விக்கொள்ளும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். கலவை இறுகிக் கட்டை துள்ளும்வரை தட்டுவது நிற்காது. கடைசியில் தட்டோடு. இதில் இரும்புக் கம்பி கிடையாது, சிமெண்டும் கிடையாது.

சுவரும் அப்படித்தான். முகப்பில் வரிசையாக நிற்கும் கிரேக்கத் தூண்கள் சலவைக்கல் போலப் பளபளத்தாலும் உள்ளே இருப்பது செங்கல். கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, முட்டை வெள்ளைக்கரு போன்றவற்றைச் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுக்கு அது. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும். சுற்றிலும் ஓடும் வராந்தா அந்தச் சுவரில் வெயிலையே படவிடாது. உயர்ந்த கூரை சூட்டை மேலே ஏற்றிவிட, பிற்பகல் கடற்காற்று சாய்வுப் பட்டை ஜன்னல்கள் வழியே நுழையும். வெயிலை வீட்டுக்குள் அழைக்கப் பிறந்த ஒரு பாணி, வெயிலைத் தடுக்கும் வேலைக்குத் திரும்பியது இப்படித்தான்.

வரைபடம் ஆங்கிலேயருடையது, கொத்தனார் சொன்னதைச் செய்தவர்தானே என்று கேட்கலாம். ஆனால் அன்று சென்னையில் வரைந்தவர்களில் பலர் கட்டடக்கலை பயின்றவர்கள் அல்லர். இன்று ராஜாஜி மண்டபமாக இருக்கும் 1802ஆம் ஆண்டு விருந்து மண்டபத்தை வடிவமைத்த கோல்டிங்ஹாம் வானியலாளர். தூணுக்கு என்ன அளவு என்று புத்தகம் சொல்லும். எந்தச் சுண்ணாம்பு எத்தனை நாள் ஊற வேண்டும் என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஏக்கர் ஏக்கராக நிலமும், பங்கா இழுக்க ஆட்களும் இருந்ததால்தான் அந்தக் குளிர்ச்சி கிடைத்தது. உண்மைதான். அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தி.நகரின் அரை கிரவுண்டு மனையில் நாலு பக்கமும் வராந்தா வைக்க முடியாது. ஆனால் காரைக்கும் கூரைக்கும் நிலப்பரப்பு தேவையில்லை. அந்த அறிவு மங்கியதன் விலையைப் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும்போது கொடுக்கிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில மழைக்காலங்களில் பூச்சு செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு உதிர்கிறது. பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தில் சிமெண்ட் என்று எழுதும் இடத்தில் சுண்ணாம்பு என்று எழுதி, அதை அரைக்கவும் பூசவும் தெரிந்த கொத்தனார்களை வேலைக்கு அழைத்தால் இந்தச் சேதத்தைத் தவிர்க்கலாம்.