பென்சில் காலம் – 9: ஓரத்தில் ஒரு கிறுக்கல்

1802 டிசம்பரில் சென்னைக்கு வந்திறங்கிய ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னரியின் கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் அவர் வரைந்த கட்டுமரக்காரர்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அவருடைய தாள்களின் ஓரத்தில் உள்ள கிறுக்கல் விடமாட்டேன் என்கிறது. பென்சில் படங்களுக்குப் பக்கத்தில் சின்னரி சுருக்கெழுத்தில் குறிப்பு எழுதிவைப்பார். 18ஆம் நூற்றாண்டில் லண்டன் நீதிமன்றத்தில் விசாரணைகளைப் பதிவு செய்த தாமஸ் கர்னி பரப்பிய முறை அது. சார்லஸ் டிக்கன்ஸ் இளவயதில் மல்லுக்கட்டிக் கற்றதும் இதைத்தான். பட்ட பாட்டையெல்லாம் பிறகு தன் நாவலின் நாயகன் டேவிட் காப்பர்ஃபீல்டின் தலையில் இறக்கிவைத்தார். அம்பத்தூர், ஆவடிப் பயிலகங்களில் பிட்மன் முறையை உருப்போட்டவர்களுக்கும் கர்னியின் கோடுகள் பிடிபடாது. எழுத்தும் படமும் ஒரே தாளில் சேர்வது சின்னரிக்குக் குடும்ப வழக்கம்: அவருடைய தாத்தா எழுத்தையும் ஓவியத்தையும் சேர்த்தே கற்பிக்கும் நூலை எழுதியவர்.

வேகமாக ஓடுவதைக் குறைந்த கோட்டில் பிடிப்பதுதான் சுருக்கெழுத்து. மனித உருவத்தைப் பென்சிலில் பிடிப்பதும் அதே வேலை என்பது என் வாதம். வேலப்பன்சாவடி நிறுத்தத்தில் நிற்கும் ஒருவரை வரைந்து பாருங்கள். பூந்தமல்லி வண்டி தெரிந்ததுமே உடம்புப் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போய்விடும். முகம் காத்திருக்கும், இடுப்பு காத்திருக்காது. சின்னரி இடுப்பைத்தான் முதலில் பிடிக்கிறார். பல படங்களில் முகத்துக்கு நாலைந்து கோடுதான். இதெல்லாம் தைலவண்ண ஓவியத்துக்கான முன்தயாரிப்பு, ஓரக் குறிப்புகளே அதற்குச் சாட்சி என்று வாதிடுவார்கள். தயாரிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நிறத்தையும் வெளிச்சத்தையும் எழுத்திலேயே குறித்துக்கொள்ள முடிந்ததால் பென்சில் அந்தச் சுமையிலிருந்து தப்பியது. அசைவு ஒன்றை மட்டும் துரத்தினால் போதும் என்றாயிற்று. அந்தச் சுதந்திரத்தைப் பிறகு வந்த தைலவண்ணத்தில் நான் காணவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: இது ஆள வந்தவர்களின் பார்வை அல்லவா? ஹைதராபாத் ரெசிடெண்ட் கிர்க்பாட்ரிக்கின் பிள்ளைகளை 1805இல் சின்னரி சென்னையில் வரைந்தார். அவர்கள் பெயர் நிலைத்தது. கடற்கரை உழைப்பாளிகளுக்குப் பெயரில்லை. இந்தக் குறையை எந்தக் கோட்டழகும் ஈடுகட்டாது. ஆயினும் அதே காலத்தில் கம்பெனிக்காரர்களுக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் தீட்டிய சாதி, தொழில் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் விறைப்பாக நிற்பார்கள்; கையிலிருக்கும் கருவிதான் தொழிலைச் சொல்லும். சின்னரியிடம் கருவியை மறைத்துவிட்டாலும் முதுகின் வளைவு வேலையைக் காட்டிக்கொடுக்கும்.

கட்டுமரக்காரர்கள் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் சின்னரியின் தாள்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஓரங்களையும் விடாமல்.