ஏழு மணிக்குள் கரை உடைய வேண்டும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடலாம் என்று கூடும் நண்பர் கூட்டத்தைக் கலைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். ஒருத்தருக்குச் சிறுசேரியில் ஷிஃப்ட், இன்னொருத்தருக்கு ஊரில் வளைகாப்பு, கூடுவாஞ்சேரிக்காரர் பெருங்களத்தூர் நெரிசலில். மாதக்கணக்கில் நீளும் கதை மூன்றாம் வாரமே மறந்துபோகும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்-ஷாட்தான் தோது. ஒரே உட்காரலில் தொடங்கி அதிலேயே முடியும் சாகசம் அது.

ஆட்டத்தைப் பார்த்தே இராதவர்களுக்கு: 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் அமெரிக்காவில் வெளியிட்டது இது. டிஎம் எனப்படும் டஞ்சன் மாஸ்டர் இடத்தையும் ஆபத்தையும் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பூட்டின் கடினம் 15, திருடனின் கைத்திறன் +5 என்றால், 10-ஓ அதற்கு மேலோ விழுந்தால் பூட்டு திறக்கும். நூற்றுக்கு 55 வாய்ப்பு. இந்த ஒரு கணக்கு புரிந்தால் ஆட உட்காரலாம். அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். பகடை இல்லையென்றால் போனிலேயே உருட்டலாம்.

ஒன்-ஷாட் புதுசல்ல. 1975-ல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்கென்றே கைகாக்ஸ் எழுதியது 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. ஆடியவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற கல்லறை அது. 2022-ல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில் 13 தனிக்கதைகள் உண்டு. அதில் ஒன்றைக் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதினார். வங்காளத்து ஆற்று மண்ணின் சாயல் அதில் இருக்கிறது. அவருக்கு ஆறு என்றால் நமக்கு ஏரி. சிட்லபாக்கம், செம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று காலடியிலேயே கிடக்கும்போது பனிமலைக் கோட்டையைத் தேடிப் போவானேன்?

மதுராந்தகத்து ஏரிகாத்த ராமர் கதை தெரிந்திருக்கும். கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்தில், அடைமழை இரவில், இரண்டு வில்லாளிகள் கரையில் நின்று காத்தார்கள் என்பது ஐதீகம். ஒன்-ஷாட்டுக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது: ஒரே இடம், ஒரே ராத்திரி, ஏறிக்கொண்டே போகும் தண்ணீர். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். 'ராஜாவின் மகுடத்தைத் தேடுங்கள்' என்று விட்டால் நாலு பேரும் சந்தையில் கத்தி பேரம் பேசியே பொழுதைக் கழிப்பார்கள். தண்ணீர் ஏறுகிறது என்றால் யாரும் உட்கார மாட்டார்கள்.

ஆக, நம் கதை இப்படி. மூன்று நாள் மழை. ஏரி நிரம்பிவிட்டது, ஆனால் உபரி நீர் வழியும் கலங்கலை ஒரு பூதம் மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மலைக்குகையில் அதற்குரிய கற்கோடரியை யாரோ எடுத்துவிட்டார்கள். (பல்லாவரத்தில் 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவிக்கு இது என் மரியாதை. ஜொலிக்கிற மந்திர வாளை விட எனக்கு இது பிடிக்கும்.) கரை, குகை, கலங்கல் என்று மூன்றே இடம். நான்காவது வேண்டாம்.

மூன்று மணிக்குக் கூடினால் ஏழுக்கு முடிய வேண்டும். பாத்திரங்களை நீங்களே தயார் செய்து கொண்டுபோங்கள். அங்கே உட்கார்ந்து உருவாக்க ஆரம்பித்தால் அதிலேயே ஐந்து மணியாகிவிடும். பாத்திரங்களின் வலிமைப் படியில் மூன்றாம் லெவல் போதும். முதல் லெவல் ஆள் ஒரே அடியில் விழுவான். ஐந்தாம் லெவலில் புதியவர் படிக்க வேண்டியது தாளில் நிரம்பிக் கிடக்கும். சத்திரத்தில் அறிமுகமாகும் காட்சியே கூடாது. முதல் வாக்கியத்திலேயே நாலு பேரும் மழையில், கரை மேல், ஆளுக்கொரு மணல் மூட்டையோடு நிற்கட்டும்.

நேரத்தைத் தின்பது சண்டை. பூதத்துக்கு 60 ஹிட் பாயிண்ட், அதாவது அடி வாங்கக் குறையும் உயிர்ப் புள்ளி, என்று வையுங்கள். நாலு பேர், பத்தில் ஆறு அடி படுகிறது, அடிக்கு எட்டு என்றால் சுற்றுக்குச் சுமார் 19 குறையும்; நாலாவது சுற்றில் சாயும். புதியவர்களோடு ஒரு சுற்று பத்து நிமிஷத்துக்குக் குறையாது. முக்கால் மணி போயிற்று. ஆகவே நிஜச் சண்டை ஒன்று போதும். ஆறேகாலாகியும் கலங்கலுக்கு வரவில்லையென்றால், பூதத்தின் 60-ஐ யாருக்கும் சொல்லாமல் 30 ஆக்கிவிடுங்கள். திரைக்குப் பின்னால் டிஎம் செய்கிற இந்தச் சில்லறைத் தில்லுமுல்லு எனக்குத் தப்பாகப் படவில்லை. சண்டையே போடாமல் கோடரியைத் திருப்பிக் கொடுத்தோ பேசியோ பூதத்தை எழுப்பப் பார்த்தால், அதற்கும் வழிவிடுங்கள்.

கோடரியை எடுத்தது யார் என்ற துப்பை ஒரே ஆளிடம் ஒளிக்காதீர்கள். ஆடுபவர்கள் நீங்கள் நினைத்த ஆளை விட்டுவிட்டு, பேருக்கு வைத்த பரிசல்காரரிடம் அரை மணி பேசுவார்கள். பேசட்டும், துப்பு அவருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். ஐந்தரைக்கு ஒரு தடவை மணி பாருங்கள். இன்னும் குகைக்குள் நுழையவில்லையென்றால் குகையைத் தூக்கிவிட்டு, திருடனையே கோடரியோடு கரைக்கு ஓடி வரச் செய்யலாம். எதை வெட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்தக் கதைக்கு இந்தப் பகுதியில் தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது மொட்டை மாடியில் நின்றவர் உங்கள் மேசையிலேயே இருக்கலாம். வெள்ளக் கதை சம்மதமா என்று முதல் நாளே கேளுங்கள். தயக்கம் தெரிந்தால் வெள்ளத்தைக் காட்டுத்தீயாக மாற்றினாலும் கதை நிற்கும். சரி என்றாலும் எக்ஸ் என்று எழுதிய சீட்டு ஒன்று நடுவில் கிடக்கட்டும். யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிட வேண்டும். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் கொண்டுவந்த வழக்கம் இது. பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள்.

கரை நின்றால் என்ன, உடைந்தால் என்ன என்று இரண்டு முடிவும் கையில் இருக்கட்டும். உடைவதும் நியாயமான முடிவே. முடிந்ததும், மறுநாள் காலை தன் பாத்திரம் என்ன செய்தது என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அடுத்த பாகம் எப்போது என்று கேட்பார்கள், தேதி கொடுத்துவிடாதீர்கள். அதே கதையை வேறு நாலு பேருக்கு நடத்துங்கள். எந்த இடம் இழுக்கிறது என்பது அப்போதுதான் தெரியும், தயாரிப்பும் அரை மணியில் முடிந்துவிடும்.