‘ஸ்பீடு’ ஏற்றப் போய் முடங்கிய கணினி: ஃபார்மட்டுக்கு முன் என்ன செய்யலாம்?

வைரஸ் ஏறவில்லை. கீழே விழவில்லை. தண்ணீரும் படவில்லை. “ஸ்லோவா இருக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லுச்சு. அதோட சரி!” கணினி சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. அதன்பிறகு வைஃபை பிடிக்காது, ஸ்டார்ட் பட்டன் திறக்காது, சத்தம் வராது. சில கணினிகள் நீலத் திரையைத் தாண்டியே போகாது. கடைக்காரர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்” என்பார்.

பெரும்பாலும் அது அவசர முடிவு. ‘டியூன் அப்’, ‘பூஸ்டர்’, ‘ஆப்டிமைசர்’, ‘டீபுளோட்டர்’ என்று பல பெயர்களில் வரும் இந்த மென்பொருள்கள் விண்டோஸின் அமைப்புகளைத்தான் அதிகமாகக் கலைக்கின்றன. நம் படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கலைத்ததைத் திருப்பி வைத்தாலே பல கணினிகள் எழுந்துவிடும். எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

யார் மாட்டிக்கொள்கிறார்கள்?

சென்னைப் புறநகரில், 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்த மாடம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி மாணவர்களும் மெப்ஸ் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் நிறைந்த பகுதி இது. வீட்டில் புது லேப்டாப் ஒன்று இருந்தால், அண்ணனோ அக்காவோ பயன்படுத்தி முடித்த பழையது ஒன்றும் இருக்கும். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போதைய ரேம் அளவும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இன்றைய பிரவுசருக்கே ஈடுகொடுக்கத் திணறும்.

இதற்கிடையே 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். பழைய லேப்டாப்பில் இரண்டும் இருக்காது. புதிது வாங்கப் பணம் இல்லை, இருப்பதைத் தூக்கிப்போட மனமும் இல்லை. அந்த நேரத்தில் ‘ஒரே கிளிக்கில் இரு மடங்கு வேகம்’ என்ற வீடியோ கண்ணில் பட்டால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்த மென்பொருள்கள் கை வைக்கும் இடங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, ரிஜிஸ்ட்ரி. விண்டோஸும் அதில் நிறுவிய மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் மையப் பதிவேடு இது. ‘கிளீனர்’ மென்பொருள் அதைத் துழாவி, ‘உபயோகமற்ற பதிவுகள் 800’ என்று சிவப்பு எழுத்தில் காட்டும். ஒரு பதிவு தேவையா இல்லையா என்பது அதற்கு உறுதியாகத் தெரியாது, ஊகம்தான். பழைய பதிவுதானே என்று சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் நான்கு பக்கத்தைக் கிழித்தால், யாருடைய மனைக்கு வில்லங்கம் வரும் என்று கிழித்தவருக்கே தெரியாதல்லவா? அப்படித்தான் இதுவும். லாபமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. விண்டோஸ் தனக்கு வேண்டிய பதிவை அதன் பாதை வழியே நேராகப் போய் எடுக்கிறது. பல லட்சம் பதிவுகளுக்கு நடுவே சில நூறு குறைவதால் வேகம் கூடாது.

இரண்டாவது, சர்வீஸ்கள். பின்னணியில் ஓடும் இந்தச் சிறு நிரல்களை நிறுத்தினால் ரேம் மிச்சமாகும் என்பது கணக்கு. வைஃபைக்கும், ஆடியோவுக்கும், பிரின்டருக்கும் தனித்தனி சர்வீஸ் உண்டு. ‘டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்’ நின்றால் வைஃபை பட்டியலே தோன்றாது. ‘பிரின்ட் ஸ்பூலர்’ நின்றால் பிரின்டர் காணாமல் போகும். எழுத்து உள்ளீட்டைக் கவனிக்கும் ‘சிடிஎஃப்மான்’ நின்றால் மொழி மாற்றும் வசதி படுத்துவிடும். தமிழ் 99இல் தட்டச்சு செய்கிறவர் கீபோர்டே போய்விட்டது என்று நினைப்பார். விண்டோஸ் அப்டேட்டையும் டிஃபெண்டரையும் நிறுத்தும் ஸ்கிரிப்ட்களும் உண்டு. அதன் விளைவு அன்றே தெரியாது. மாதங்கள் கழித்து வைரஸாக வரலாம்.

மூன்றாவது, டிரைவர்கள். ‘23 டிரைவர்கள் பழையவை’ என்று சொல்லி, மாடலுக்குப் பொருந்தாததை ஏற்றிவிடும். டச்பேடு நின்றுபோவதும் திரை மினுங்குவதும் இதனால் வரலாம்.

நான்காவது, பூட் அமைப்புகள். ‘எம்எஸ்கான்ஃபிக்’ பலகையில் பிராசஸர் எண்ணிக்கையையும் அதிகபட்ச ரேமையும் டிக் செய்தால் வேகம் கூடும் என்பது பல வருடங்களாகச் சுற்றிவரும் தவறான யோசனை. விண்டோஸ் இயல்பாகவே எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது. அந்த டிக், உச்ச வரம்பு போடத்தான் பயன்படும். ரேம் அளவைத் தவறாகக் குறித்தால் கணினி பூட் ஆகாமலே போகலாம்.

பயத்தை விற்கும் சந்தை

இந்த மென்பொருள்களில் சில, பிழை இல்லாத கணினியிலும் பிழை காட்டும். அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் நடந்த ‘இலவச பரிசோதனை’ இதற்குப் பேர்பெற்ற உதாரணம். கணினி மெதுவாக இருக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா என்பது போன்ற கேள்விகளை ஊழியர் முதலில் கேட்பார். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று டிக் செய்துவிட்டால், ஸ்கேன் எதைக் கண்டாலும் காணாவிட்டாலும், தீய நிரல்களின் அறிகுறி உண்டு என்றே முடிவு வரும். பிறகு கட்டணச் சேவை. அந்த நிறுவனமும் அதற்கு மென்பொருள் வழங்கிய சப்போர்ட் டாட் காமும் 2019 மார்ச்சில் மொத்தம் 3.5 கோடி டாலர் செலுத்தி அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழக்கை முடித்துக்கொண்டன.

நல்ல பெயர் எடுத்த மென்பொருள் என்றாலும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பில், நிறுவனத்தின் சர்வருக்குள்ளேயே புகுந்த ஊடுருவிகள் தீய நிரலைச் சேர்த்துவிட்டனர். செப்டம்பரில் இது வெளிச்சத்துக்கு வருவதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. கணினியின் ஒவ்வொரு மூலைக்கும் அதிகாரம் பெற்ற மென்பொருள் கெட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் அன்று பார்த்தது.

மைக்ரோசாஃப்டும் ஒருகாலத்தில் ‘ரெக்கிளீன்’ என்ற கருவியைத் தந்து, பின்னர் விலக்கிக்கொண்டது. ரிஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்பதே இப்போது அதன் அறிவிக்கப்பட்ட கொள்கை. பயமுறுத்திப் பணம் பறிக்கும் ‘ஆப்டிமைசர்’களை 2018 மார்ச் 1 முதல் வேண்டாத மென்பொருள் பட்டியலில் சேர்த்து நீக்குவதாகவும் அறிவித்தது.

முதல் வேலை: தரவைக் காப்பாற்றுவது

கணினி ஓரளவு ஓடுகிறது என்றால், எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன் முக்கியமான கோப்புகளை பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகலெடுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபார்மட் என்றதும் ‘சி டிரைவ் மட்டும்தானே அழியும்’ என்று தலையாட்டிவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

விண்டோஸ் எழவே இல்லையா? பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓடும் லினக்ஸ் கைகொடுக்கும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் எதுவானாலும் சரி. நம்மூர் ‘பாஸ்’ லினக்ஸும் உண்டு. சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் பங்கேற்ற தேசிய கட்டற்ற மென்பொருள் வள மையத் திட்டத்தில் பிறந்தது அது. லினக்ஸை நிறுவ வேண்டியதில்லை. ‘லைவ்’ முறையில் ஓட்டி, கோப்புகளை எடுத்துக்கொண்டு வெளியேறலாம்.

ஒரு எச்சரிக்கை. புதிய லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பிட்லாக்கர் என்பது அதன் பெயர். பூட் அமைப்பை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; செல்போனிலேயே உள்நுழைந்து எடுக்கலாம். கல்லூரி அல்லது அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள ஐடி பிரிவைக் கேட்க வேண்டும். அந்த எண் கையில் இல்லாமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.

சரிசெய்யும் வரிசை

1. அந்த மென்பொருளை உடனே நீக்காதீர்கள். நீக்குவதால் அது செய்த மாற்றங்கள் மாறிவிடாது. மாறாக, எதை மாற்றியது என்ற குறிப்பும் பேக்கப்பும் அதோடு போய்விடலாம். அதைத் திறந்து ‘அன்டூ’, ‘ரீஸ்டோர்’, ‘பேக்கப்’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். சிலருக்கு வேலை இங்கேயே முடியலாம்.

2. விண்டோஸ் எழவில்லை என்றால் மீட்புத் திரைக்குப் போங்கள். உள்நுழையும் திரை வரை வந்தால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், பூட் ஆகும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால் மீட்புத் திரை தானாக வரும். அங்கிருந்து ‘ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்’ வழியே எண் 4ஐத் தட்டினால் சேஃப் மோடு. அதில் கணினி எழுந்தால் ஹார்டுவேர் பெரும்பாலும் நலம் என்று நிம்மதி கொள்ளலாம்.

3. சிஸ்டம் ரீஸ்டோர். மீட்புத் திரையிலேயே இது உண்டு. முந்தைய தேதி ஒன்று பட்டியலில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ரிஜிஸ்ட்ரியும் டிரைவர்களும் சிஸ்டம் கோப்புகளும் அந்தத் தேதிக்குத் திரும்பும். உங்கள் ஆவணங்களை அது தொடாது. சில கணினிகளில் இந்த வசதி அணைந்தே இருக்கும். அப்போது அடுத்த படி.

4. கெட்டது எது என்று தெரிந்தால் அதை மட்டும் சரிசெய்யுங்கள். நிறுத்தப்பட்ட சர்வீஸை ‘சர்வீசஸ்’ பலகையில் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கலாம். டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’. எம்எஸ்கான்ஃபிக் டிக்குகளை எடுத்துவிடலாம். 

5. டிஸ்ம், சிஸ்டம் ஃபைல் செக்கர் என்ற இரு கட்டளைகள் கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளை மாற்றிவைக்கும். ஆனால் அவை அமைப்புகளைத் திருத்துவதில்லை. ‘பிழை எதுவும் இல்லை’ என்று அவை சொன்ன பிறகும் வைஃபை வராமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

6. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேலேயே அதே விண்டோஸை மறுபடி நிறுவுவது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, உள்ளிருந்தே ‘செட்டப்’ கொடுத்து, கோப்புகளும் செயலிகளும் இருக்கட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் கலைந்துபோன அமைப்புகளில் பெரும்பகுதியை இது நேராக்கிவிடும். பல கடைகள் சொல்லாத வழி இது.

7. ‘ரீசெட் திஸ் பிசி’யில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு. நிறுவிய மென்பொருள்கள் போகும், ஆவணங்கள் இருக்கும்.

8. இத்தனைக்கும் மசியவில்லை என்றால்தான் ஃபார்மட்.

கடைக்குப் போகும்போது

பக்கத்திலேயே ராஜகீழ்பாக்கத்திலோ கேம்ப் ரோட்டிலோ கொடுத்தாலும், சென்னை ரிச்சி தெரு வரை போனாலும், மூன்று விஷயங்களை முன்கூட்டியே பேசிவிடுங்கள். எந்த மென்பொருளைப் போட்ட பிறகு கெட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாதி நேரம் மிச்சம். என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விண்டோஸோடு வந்த லேப்டாப்புக்குப் புது உரிமம் வாங்கத் தேவையில்லை. உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் சேர்த்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். ‘ஆக்டிவேட்டர்’ போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

திரையில் எச்சரிக்கையோடு ஒரு போன் நம்பர் வந்தால் அழைக்கவே வேண்டாம். அழைத்துப் பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வேகம் எங்கே இருக்கிறது?

பழைய கணினியின் மந்தத்துக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: சுழலும் ஹார்ட் டிஸ்க், போதாத ரேம். டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றி, இடம் இருந்தால் ரேமைக் கூட்டினால் கிடைக்கும் வித்தியாசத்தை எந்த மென்பொருளாலும் தர முடியாது. தேவையற்ற குப்பைக் கோப்புகளை நீக்க விண்டோஸின் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ போதும். பூட் ஆகும்போதே ஓடத் தொடங்கும் செயலிகளை டாஸ்க் மேனேஜரில் நிறுத்தலாம். இரண்டும் இலவசம், நிறுத்திய செயலியை மறுபடி இயக்கவும் முடியும். அதற்கும் மசியாத மிகப் பழைய லேப்டாப்பில் எடை குறைந்த லினக்ஸைப் போட்டுவிடுவது நல்லது.

இன்று கணினி நன்றாக ஓடுகிறதா? இப்போதே சிஸ்டம் புரொடெக்‌ஷனை ஆன் செய்து ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு இரண்டாவது பிரதி எடுத்துவிடுங்கள். இந்த மூன்றும் இருக்கிற வீட்டில் எந்த ‘பூஸ்டர்’ என்ன செய்தாலும் கணினி போகலாம், உழைப்பு போகாது.