அகார் அகார் சைவம். எல்லா ஜெல்லியும் அப்படியல்ல

மலாக்கா, புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் தீபாவளி பலகாரத் தட்டில் முறுக்கு, அதிரசத்தோடு பண்டான் மணக்கும் அகார் அகாரும் இடம்பிடிப்பது வழக்கம். ஆனால், பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் எல்லா ஜெல்லியும் சைவமல்ல.

ஜெல்லி, கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ வகைகள் பலவற்றில் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. அது மாடு, பன்றி, மீன் போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் புரதம். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி ஜெலட்டின் இல்லை என்று நம்பலாம். ஆனால், மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். மாட்டிறைச்சியைத் தவிர்ப்பவர்களும் விரதம் இருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

அகார் அகார் சிவப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. தமிழ்நாட்டில் பாம்பன் பகுதி மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் இதற்கு மூலப்பொருள்களாகின்றன. சபாவின் செம்போர்னாவில் வளர்க்கப்படும் சிவப்புப் பாசியிலிருந்து கராகீனன் என்ற இன்னொரு பொருள் எடுக்கப்படுகிறது. அதுவும் தாவர உணவுப் பட்டியலில் சேர்வதே.

அகார் அகார் புரதமல்ல, கார்போஹைட்ரேட். கேலக்டோஸ் எனும் சர்க்கரையும் அதன் மாற்று வடிவமும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. கொதிநீரில் சங்கிலிகள் தனித்தனியாகப் பிரிந்து கரைகின்றன. 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, வலைபோலப் பின்னி நீரைப் பிடித்துக்கொள்கின்றன. மறுபடியும் உருக ஏறக்குறைய 85 டிகிரி சூடு வேண்டும். அதனால்தான் அது நம் நாட்டு வெயிலிலும் இளகுவதில்லை. ஜெலட்டினோ உடல் சூட்டிலேயே கரைந்துவிடும்.

இந்த வேறுபாடு மருத்துவத்துக்கும் உதவியது. 1881-இல் ஜெர்மனி ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின் வெப்பத்தில் உருகியபோது, அகார் அகாரைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே. ஜாவாவில் வாழ்ந்தவர்களிடமிருந்து அவர் அறிந்த சமையல் பொருள் அது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் அதுவே பயன்படுகிறது.

நம் உடலால் இந்தச் சங்கிலியை உடைக்க முடியாது என்பதால் அது நார்ச்சத்தாகவே செயல்படுகிறது. ஆனால், அதில் கலக்கும் சீனி இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ளவர்கள் அளவறிந்து உண்பது நல்லது.

கடையில் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். மாடு, பன்றி சார்ந்த பொருள் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்கின்றன மலேசியாவின் 1985 உணவு விதிமுறைகள். இ406 என்றால் அகார் அகார், இ407 என்றால் கராகீனன். 'ஜெலட்டின்' என்று மட்டும் இருந்தால், எதிலிருந்து எடுத்தது என்று கேட்டுத் தெரிந்த பிறகே வாங்குங்கள்.